வாசலில் கறந்த சட்டம்

முப்பதுகளின் தொடக்கத்தில், ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் பினாங்கில், ஆயர் ஈத்தாம் போகும் டிராம் பாதைக்குக் கீழே, ஓடையை ஒட்டிய ஒரு கம்போங்கில், மலாய்க்காரர் சொல்லும் கிராமத்தில், குடியிருந்தோம். எங்கள் வரிசை முழுக்கப் பால் வியாபாரிகள். முன்னால் பலகை வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை. மழை பெய்துவிட்டால் எது வீடு, எது கொட்டகை என்று வாசனையை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் பாத்திரத்தில் கொண்டுபோகும் பாலை யாரும் நம்பி வாங்க மாட்டார்கள். தண்ணீர் கலந்திருப்போம் என்று சந்தேகம். சந்தேகப்பட்டதில் தப்பும் இல்லை, கலக்கிறவர்கள் இருந்தார்கள். அதனால் மாட்டையே வீடு வீடாக ஓட்டிக்கொண்டு போவோம். வீட்டுக்கார அம்மாள் வாசலுக்கு வந்ததும் காலிச் செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே கறந்து கொடுப்போம். கறந்து முடிகிற வரைக்கும் செம்பிலிருந்து கண்ணை எடுக்காத அம்மாள்களும் உண்டு. எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

எனக்கு எழுத்துத் தெரியும். சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். கல்யாணமாகி இந்த வரிசைக்கு வந்தபோது நகை நட்டு அதிகமில்லை, படிப்புத்தான் என் சீதனம். ஊரிலிருந்து வரும் கடிதம், கோயில் திருவிழா நோட்டீஸ், மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வரும். பொம்பளைக்குப் படிப்பு எதுக்கு என்று முதலில் முகத்தைச் சுளித்த என் மாமியாரே, பிற்பாடு யாராவது காகிதத்தோடு வாசலில் நின்றால், "இரு, எங்க மருமக கை கழுவிட்டு வந்து படிப்பா" என்று ஒரு மிடுக்கோடு சொல்வார்.

ஒருநாள் காலை, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த மரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மேலே கிரீடம் போட்டு, இங்கிலீஷ், சீனம், மலாய், கடைசியில் தமிழ். சர்க்கார் காகிதம் என்றால் எங்கள் வரிசைக்குப் பயம். என் வீட்டுக்காரர் ஓடிவந்து கூப்பிட்டார். நான் போவதற்குள் குழாயடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

படித்தேன். "இதனால் சகலருக்கும் பிரசித்தப்படுத்துவது யாதெனில், கறவைப் பிராணிகளைப் போஷிக்கும் ஸ்தலங்கள் யாவும் மேற்குறித்த உபவிதிப் பிரகாரம் சீர்திருத்தப்படாவிடத்து, மேற்படி ஸ்தலங்களுக்கு அளிக்கப்பட்ட அநுமதி ரத்தாகி, ஆங்குள்ள பிராணிகள் அப்புறப்படுத்தப்படற்பாலன" என்று ஆரம்பித்து, மூச்சு விட இடமில்லாமல் அது பாட்டுக்குப் போயிற்று. எல்லா எழுத்தும் எனக்குத் தெரிந்த எழுத்துத்தான். சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. மறுபடி முதலிலிருந்து மனத்துக்குள் படித்தேன். முதல் தடவை கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்ததும் இப்போது போய்விட்டது.

"என்ன புள்ள போட்டிருக்கான்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"புரியல" என்றேன்.

ஒருவர்கூட நம்பவில்லை. படிக்கத் தெரிந்தவளுக்கு எப்படிப் புரியாமல் போகும்? அவர்கள் கணக்கில் படிப்பது வேறு, புரிவது வேறு இல்லை. கண் தெரிந்தவள் எதிரே நிற்கும் மாட்டைத் தெரியவில்லை என்று சொன்னால் நம்புவார்களா? என் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, நோட்டீஸில் ஏதோ பெரிய கெட்ட சேதி இருக்கிறது, தங்கள் மனசு நோகக் கூடாது என்று இவள் மறைக்கிறாள் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். 'பிராணிகள்' என்பதும் 'ரத்து' என்பதும் 'அப்புறப்படுத்த' என்பதும் நான் வாய்விட்டுப் படித்தபோது அவர்கள் காதில் விழுந்திருந்தன. வேறென்ன வேண்டும்? மத்தியானத்துக்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. மாடுகளைச் சர்க்கார் பிடித்துக்கொண்டு போகப் போகிறது, மாத்தா மாத்தா வந்து அவிழ்த்துக்கொண்டு போவான் என்றார்கள். போலீஸ்காரனை அப்படித்தான் சொல்வோம். சாயங்காலத்துக்குள் மாடுகளைச் சுட்டே போடுவார்கள் என்கிற அளவுக்குக் கதை வளர்ந்தது.

இல்லை இல்லை என்று நான் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர்களுக்குப் பயம் கூடிற்று.

பக்கத்துக் கொட்டகையில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட மூத்தவர். அதற்கு முந்தின வருஷம்தான் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவர். இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று மாடுகள் இருந்தன. அக்காவுக்கு ஒரே ஒரு செவலை மாடு. அதை ஓட்டிக்கொண்டு அக்காவே தெருத் தெருவாகப் போய்க் கறந்துவிட்டு வருவார். பொம்பளை மாடு ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தச் செவலை அக்காவைத் தவிர வேறு யாரையும் மடியில் கை வைக்க விடாது. என் வீட்டுக்காரர் ஒருநாள் உதவிக்குப் போய் உதை வாங்கிக்கொண்டு வந்ததை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்த வீட்டுக்கு அடுப்பு எரிவது அந்த ஒரு மாட்டால்தான்.

புரளி கிளம்பின மறுநாளே அக்கரையில் பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுத் தரகன் வந்துவிட்டான். எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ! வாசல் வாசலாக நின்று, சர்க்கார் பிடித்துக்கொண்டு போனால் சல்லிக்காசுகூடக் கிடைக்காது, இப்பவே கொடுத்துவிட்டால் கையில் ஏதோ மிஞ்சும் என்று பேசினான். அவன் பொய் சொன்னான் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவனுக்கும் அந்த நோட்டீஸ் புரிந்திருக்காது. புரியாத ஒன்று எங்களுக்குப் பயமாக இருந்தது, அவனுக்கு வியாபாரமாக இருந்தது.

அக்கா என்னிடம் வந்து, "உண்மையைச் சொல்லிடு தங்கச்சி. நான் தாங்கிக்குவேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒருநாள் பொறுங்கக்கா. டவுனுக்குப் போய்க் கேட்டுக்கிட்டு வந்துடறேன்" என்றேன். அக்கா தலையை ஆட்டினார்.

மறுநாள் கறவை முடிந்ததும் டிராம் ஏறினேன். தனியாகச் சர்க்கார் ஆபீஸ் படி ஏறினது அதுதான் முதல் தடவை. வாசலில் இருந்த சீனச் சேவகன் ஒரு ஜன்னலைக் காட்டினான். அந்த ஜன்னல்காரர் இன்னொரு ஜன்னலைக் காட்டினார். நோட்டீஸை ஒட்டினது நாங்கள்தான், அச்சடித்தது நாங்கள் இல்லை என்றார் ஒருவர். அச்சடிக்கக் கொடுத்தது நாங்கள்தான், எழுதினது நாங்கள் இல்லை என்றார் இன்னொருவர். ஆபீஸ்காரர்கள் பேரில் குற்றமில்லை, ஒவ்வொருவரும் தன் மேசையில் இருந்ததை மட்டும் பார்த்தார். கடைசியில் மாடிப்படிக்குப் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு தமிழ்க் கிராணியிடம், அதாவது குமாஸ்தாவிடம், கொண்டுபோய் விட்டார்கள். இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுதுகிறவர் அவர்தான்.

நான் மாட்டுக் கொட்டகை நோட்டீஸ் என்றதும் மனிதர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருஷத்தில் நோட்டீஸைப் பற்றிக் கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுச் சாதாரணமாகப் பேசினார்.

"கொட்டகைத் தரைக்குச் சிமெண்டு போடணும்மா. சாணித் தண்ணி ஓடுறதுக்குக் கால்வாய் வெட்டணும். அவ்வளவுதான். மழைக்காலம் முடியற வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள முடியலேன்னா இங்க வந்து சொன்னாப் போதும், இன்னும் டைம் கொடுப்பாங்க. ஒண்ணுமே செய்யாம, வந்து சொல்லவும் இல்லேன்னாத்தான் மாட்டை வேற இடத்துல கொண்டு போய்க் கட்டுன்னு சொல்லுவாங்க. அப்பவும் மாடு உங்க மாடுதான்."

எனக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இதையே இப்படி எழுதித் தொலைக்கக் கூடாதா ஐயா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷில் இருக்கும் ஒரு வார்த்தைக்குத் தான் சுலபமாக ஒன்றை எழுதி, நாளைக்குக் கோர்ட்டில் ஒரு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டால் தன் வேலை போய்விடும், அதனால் தனக்கு முன்னால் இருந்தவர் எழுதின மாதிரியே எழுதி வருவதாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்கு அவர் மேல் இருந்த கோபம் இறங்கிவிட்டது. எங்களுக்கு மாடு மாதிரி அவருக்கு அந்த நாற்காலி.

ஒரு துண்டுக் காகிதத்தில் அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதித் தரும்படி கேட்டேன். எழுதிக் கொடுத்தார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். அது மட்டும் முடியாது, தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். நான் வற்புறுத்தவில்லை. விஷயம் தெரிந்துவிட்டதே, அது போதும் என்று நினைத்தேன்.

டிராமில் திரும்பும்போது அந்தத் துண்டுக் காகிதத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேனோ தெரியாது. வரிசையில் எல்லோரையும் கூட்டி, உரக்கப் படித்தேன். குழந்தைக்குக்கூடப் புரியும். படித்து முடித்து நிமிர்ந்தால், எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

கோடி வீட்டுப் பெரியவர் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "கிரீடம் எங்க? சீல் எங்க? சர்க்கார் நம்மகிட்ட இப்படியா பேசும்? சட்டம்னா நமக்குப் புரியக் கூடாதுலா. புரிஞ்சா அது சட்டமே இல்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் நியாயமாகத்தான் பேசுகிறார் என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

மரத்தில் இருந்த காகிதம் புரியவில்லை, அதனால் நம்பினார்கள். என் கையில் இருந்த காகிதம் புரிந்தது, அதனால் நம்பவில்லை. இப்படியும் ஒரு கூத்து உண்டா?

அக்கா மட்டும் போகவில்லை. எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து என் தலையைத் தடவினார். "எனக்காக நீயே எழுதிக்கிட்டு வந்தியா?" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. நான் சத்தியம் செய்தேன். அக்கா சிரித்தார். நான் நல்லவள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது, அதனால்தான் நான் பொய் சொல்வேன் என்றும் நிச்சயமாக நம்பினார்.

மறுநாள் நாங்கள் கறவைக்குப் போய்த் திரும்புவதற்குள் செவலை போய்விட்டது. தரகன் ஓட்டிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றிவிட்டான். கிடைத்த விலைக்குக் கொடுத்திருக்கிறார். நான் போனபோது அக்கா வெறும் கொட்டகையில், மாடு கட்டியிருந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாட்டை விற்றாலும் எங்களில் கயிற்றைக் கொடுக்க மாட்டோம், வீட்டு லட்சுமி கூடவே போய்விடும் என்பார்கள். குழந்தைகள் இரண்டும் மாடு எங்கே என்று கேட்டு அழுதுகொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் உடனே படகுத் துறைக்கு, ஜெட்டிக்கு ஓடினார். படகு அக்கரைக்குப் போய் வெகு நேரமாகியிருந்தது. அங்கே தேடியும் தரகன் கிடைக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இந்த வயதிலும் நினைத்தால் உடம்பில் ஏறுகிறது. யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாத ஆத்திரம் அது. அடுத்த நாளே வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அந்தக் கிராணியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதுவரை வாயே திறக்காமல் நின்ற என் வீட்டுக்காரர்தான் பேசினார். "ஐயா, நாங்க பாலைச் செம்புல கொண்டு போனா உங்க வீட்டு அம்மாவே வாங்க மாட்டாங்க. மாட்டை உங்க வாசலுக்கு ஓட்டிக்கிட்டு வந்து, செம்பைக் கவுத்துக் காட்டிக் கறக்கறோம். உங்க சட்டத்தையும் எங்க வாசல்ல வந்து கறங்கய்யா. எங்கிருந்தோ கறந்து கொடுத்து அனுப்பினா யார் நம்புவா?"

கிராணி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து மேல்மாடிக்குத் துரையைப் பார்க்கப் போனார். அங்கே என்ன பேசினாரோ தெரியாது. போனவர் திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. வந்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரு ஆளை நீங்களே பார்த்து வைத்திருங்கள் என்றார்.

எங்களுக்குத் தெரிந்து இங்கிலீஷ் படிப்பவர் ஒருவர்தான். டிராம் நிற்கும் இடத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர், எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். எங்கள் பாலில்தான் அவர் கடை நடந்தது. தண்ணீர் கலந்த பாலை நாக்கில் வைத்ததும் சொல்லிவிடுவார், விலையைக் குறைக்க ஒருநாளும் அதைச் சாக்காக வைத்ததில்லை. வரிசையில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை. கேட்டதும், "நம்ம மாடு, நம்ம பால்லா. நான் வராம?" என்று கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிராணி குடையும் கையுமாக இறங்கி வந்தார். சாணியில் கால் வைத்து, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மரத்தடியில் நின்றார். முதலில் தான் யார், எந்த ஆபீஸ், எந்த மாடிப்படிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சொன்னார். நான் சொல்வதில் பொய் இருந்தால் அங்கே வந்து என் சட்டையைப் பிடியுங்கள் என்றார். பிறகு இங்கிலீஷ் காகிதத்தை நானாவின் கையில் கொடுத்தார். ஒவ்வொரு வரியையும் மரத்தில் இருந்த தமிழில் படித்து, அதையே எங்கள் பேச்சில் சொல்வார். சொன்னதும் நானாவைப் பார்ப்பார். நானா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் வரியைத் தொட்டு, உதடு அசையப் படித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்பார். பிறகுதான் அடுத்த வரி. ஒரு இடத்தில் நானா, "இங்க இங்கிலீஷ்ல 'மே'ன்னு போட்டிருக்கான். கொடுத்தாலும் கொடுப்பான், கொடுக்காமலும் போவான். நீங்க கண்டிப்பாக் கொடுப்பான்கிறீங்க" என்று நிறுத்தினார். கிராணி ஒத்துக்கொண்டு திருத்திச் சொன்னார்: கேட்டால் டைம் கொடுக்கலாம், இதுவரை கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதில்லை.

அந்த ஒரு திருத்தம்தான் எங்கள் ஆட்களை அசைத்தது என்று நினைக்கிறேன். கோடி வீட்டுப் பெரியவர் முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தார். நல்லதை மட்டும் சொல்லியிருந்தால் அவர் கடைசி வரை நின்றுகொண்டேதான் கேட்டிருப்பார். எல்லோரும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். சிமெண்டு எவ்வளவு தடிமன், கால்வாய் எந்தப் பக்கம் வெட்டலாம், வாடகைக் கொட்டகை என்றால் யார் போடுவது. தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன் என்றார்.

அக்கா பின்னால், குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரவேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. கூட்டம் கலைகிற நேரத்தில் முன்னால் வந்தார். "ஐயா, டைம் கேட்டா கொடுக்கலாம்னு ஒரு வரி படிச்சீங்களே, அதை இன்னொரு தடவ படிங்க" என்றார்.

கிராணிக்கு இவர் யார் என்று அப்போது புரிந்துவிட்டது. மரத்துப் பக்கம் திரும்பி, அந்த வரியைப் படித்தார். பிறகு எங்கள் பேச்சிலும் சொன்னார். அக்கா கவனமாகக் கேட்டார். "இது முதல்ல இருந்தே அந்தக் காகிதத்துல இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது என்றார் கிராணி. அக்கா சரி என்று தலையை ஆட்டிவிட்டு, குழந்தைகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வரிசையில் வேறு யாரும் மாட்டை விற்கவில்லை. ஒருவருக்கொருவர் உதவி, தரை போட்டுக்கொண்டோம். முடியாத சிலர் ஆபீசுக்குப் போய் டைம் கேட்டு வாங்கினார்கள். அக்காவுக்கு நானா தன் கடையில் பால் காய்ச்சும் வேலை கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தார், பெண்களைக் கட்டிக் கொடுத்தார். என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசினதில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நோட்டீஸ்களில், பழைய தமிழுக்குக் கீழே எங்கள் பேச்சுத் தமிழில் நாலு வரியும், புரியாவிட்டால் எங்கே வந்து யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அச்சாகி வந்தன. எப்படி அனுமதி வாங்கினாரோ அந்தக் கிராணி.

இப்போது எனக்குக் கண் மங்கிவிட்டது, ஆனாலும் அக்கம்பக்கத்தார் சர்க்கார் காகிதம் எதைக் கொண்டு வந்தாலும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறேன். எல்லோரும் முதலில் அபராதம் என்ன என்று கேட்கிறார்கள். நான் அவகாசம் தரும் வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி, அதை முதலில் அவர்கள் கண் முன்னால் விரல் வைத்துப் படித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு வரி சில நாள் முந்தி நம்பும்படியாக வந்து சேர்ந்திருந்தால் செவலை அக்காவின் கொட்டகையிலேயே இருந்திருக்கும்.